ஆர்டிஸின் பாதித் துப்பாக்கி

பதினொன்றாம் எண் சீட்டுக்காரர் மார்வின் தன் துப்பாக்கியைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல மேசைமேல் வைத்தார். அது தகதகவென்று மின்னியது. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எரிந்த அத்தனை விளக்குகளும் அதன் இரட்டைக் குழலில் தெரிந்தன.

"மூணு வாரம், ஆர்டிஸ்! மூணு வாரம் உக்காந்து தேய்ச்சேன். எங்க தாத்தா இதைப் பாத்திருந்தா அழுதிருப்பாரு."

"அழுதுதான் இருப்பாரு," என்றாள் ஆர்டிஸ்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் குழலைத் தடவிப் பார்த்தாள். அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கி. இரும்பையும் எஃகையும் கயிறு திரிப்பது போல முறுக்கிச் செய்த குழல்கள் அவை. முறுக்கின் வரிகள் மேலே அலை அலையாகத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். மார்வினின் மூன்று வார உழைப்பில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

"புலியைக் குளிப்பாட்டுறேன்னு வரியை எல்லாம் கழுவிட்டியே, மார்வின்!"

"அப்போ விலை?"

"சுவத்துல மாட்டு. ராத்திரி விளக்கு வேண்டாம், மின்சாரம் மிச்சமாகும். விலையை எங்கிட்ட கேக்காதே."

வரிசையில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மார்வினும் சிரித்தார். ஆர்டிஸ் குவாமேயின் வாயிலிருந்து வருகிற தீர்ப்புக்கு ஹோல்டன் மேட்டில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவள் கண்ணுக்கு எதிரில் இருப்பது துப்பாக்கி மட்டும்தான். அதைக் கொண்டுவந்த ஆள் அல்ல. அப்படித்தான் ஊர் நம்பியது. அவளும் அன்றைய காலை வரை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

விஸ்கான்சினின் அந்த மேட்டு ஊரில் ஆர்டிஸைத் தெரியாதவர் இல்லை. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போர்க்காலத்தில் தோட்டாத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் தோட்டாவைக் கையில் எடுத்து, கெட்டதை மட்டும் தனியே போட வேண்டும். ஒன்று தப்பினால் எங்கேயோ ஒரு பையனின் முகம் போய்விடும். மூன்று வருஷம் அந்த வேலை பார்த்தவளுக்கு முகத்தாட்சண்யம் என்பது கையைவிட்டே போய்விட்டது. பிறகு ஊருக்குத் திரும்பி, இரும்புக்கடையின் பின்னறையில் துப்பாக்கி பழுது பார்க்க உட்கார்ந்தாள். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, வேட்டை தொடங்குவதற்கு முன்னால், தேவாலயத்துக் கூடத்தில் ஊர்த் துப்பாக்கிகளை எல்லாம் இலவசமாகப் பார்த்துச் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. அதில் மூன்றே வரி: இது என்ன, எப்படி இருக்கிறது, இதைச் சுடலாமா.

கூடத்தின் மறுகோடியில் பெண்கள் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பியூலா காபிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"காபி, ஆர்டிஸ்?"

"ஐயோ, வேண்டாம்."

"சூடா இருக்கு."

"உனக்கு எதுக்கு சிரமம்."

"இருக்கறதைத்தானே ஊத்தறேன்."

"சரி, அரைக் கோப்பை போதும்."

பியூலா முழுக் கோப்பை ஊற்றினாள். நார்வேயிலிருந்து வந்து குடியேறிய அந்த ஊரில் எல்லாருமே இப்படித்தான். மூன்றாவது முறை கேட்காமல் யாரும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. இரண்டாவது முறையிலேயே கையை நீட்டுகிறவன் பட்டிக்காட்டான். இரண்டு முறை மட்டும் கேட்டு நிறுத்துகிறவன் கல்நெஞ்சன்.

பியூலா குனிந்து அவள் காதோடு சொன்னாள்: "பதினாலாம் சீட்டு யாருன்னு பாத்தியா?"

ஆர்டிஸ் பார்த்தாள். குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தாள்.

நார்வல். அவள் தம்பி. கையில் ஒரு கோணி உருளை. அவன் தோளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு அவன் மகள் ரெனே.

பத்தொன்பது வருஷம்! பத்தொன்பது வருஷமாக அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே தேவாலயத்தில் அவள் இடப்பக்கம் உட்காருவாள், அவன் வலப்பக்கம் உட்காருவான். ஒரே பாட்டைப் பாடுவார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் அடித்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் சண்டை என்றால் சத்தம் போடுவதில்லை. சத்தத்தை நிறுத்திவிடுவதுதான் சண்டை.

எல்லாம் அப்பாவின் துப்பாக்கியால் வந்தது. 1959 ஏப்ரலில் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி நடுவில் கிடந்தது. தாத்தா வாங்கி, அப்பாவுக்கு வந்த இரட்டைக் குழல். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்க, முயல் காது போல நிமிர்ந்த இரண்டு குதிரைகள். 'என் பிள்ளைகள் இருவருக்கும்' என்று எழுதி வைத்திருந்தார் அப்பா. "நீயே வச்சுக்கோ அக்கா," என்றான் நார்வல். "நான் எதுக்கு, நீ வச்சுக்கோ," என்றாள் ஆர்டிஸ். "இல்ல, உனக்குத்தான் இதுல பிரியம்," என்றான். "பரவாயில்ல, நீ எடுத்துக்கோ," என்றாள். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

அந்த அடுத்த வார்த்தை வரவில்லை. துக்கத்தில் இருந்தானோ, எண்ணிக்கை தவறினானோ, நார்வல் பெருமூச்சு விட்டு, "சரி, அப்படின்னா," என்று எடுத்துப்போக வசதியாக முதலில் குழலைக் கழற்றிக் கோணியில் சுற்றினான். ஆர்டிஸ் எழுந்தாள். மிச்சமிருந்த, தோளில் பதிக்கிற கட்டையையும் குதிரைகளையும் முன்கட்டையையும் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினாள். அவனிடம் குழல், அவளிடம் கட்டை. இரண்டும் சேராமல் துப்பாக்கி வெறும் இரும்பும் மரமும்தான்.

போன வாரம் ரெனே இரும்புக்கடைக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"அத்தை, இந்த மாசம் மூணாவது சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். தாத்தா பாட்டி கல்யாணத்துல அந்தத் துப்பாக்கி வெடிச்சுது. அப்பா கல்யாணத்துல நீங்களே வெடிச்சீங்களாம். எனக்கு மட்டும் ஊர் தட்டற வெறும் சட்டி பானை சத்தம்தானா?"

"உங்கப்பா கேக்கட்டும்," என்றாள் ஆர்டிஸ்.

அச்சடித்த அழைப்பிதழ் அவளுக்கும் வந்திருந்தது. ஆனால் அழைப்பவன் தம்பியா, அச்சகமா? தம்பி வாயால் கூப்பிடாத கல்யாணத்துக்கு அவள் எப்படிப் போவாள்? பெற்ற பிள்ளை போல நினைத்த மருமகளின் கல்யாணத்தைச் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதுதானா? அந்த நினைப்பில் ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை.

"பதினாலு!" என்றார் பாஸ்டர் உல்ரிங்.

நார்வல் வந்தான். மேசைக்கு இப்பக்கம் அக்கா, அப்பக்கம் தம்பி. அவன் கண்கள் பாஸ்டரின் கழுத்துப்பட்டையை விட்டு நகரவில்லை.

"பாஸ்டர், மதிப்பு போடறவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு குழல் கொண்டாந்திருக்கேன். கல்யாணத்துல வெடிக்கலாமான்னு தெரியணும்."

பாஸ்டர் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். "ஒரு குழல் கொண்டாந்திருக்காராம்..."

"காது கேக்குது பாஸ்டர். கோணியைப் பிரிக்கச் சொல்லுங்க."

"பிரிக்கச் சொல்றாங்க."

"பிரிச்சதே இல்ல, அன்னிக்கு ராத்திரி கட்டினது. அவங்களே பிரிக்கட்டும்."

ரெனே தலையில் அடித்துக்கொண்டாள். பியூலா கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். ரொட்டி கருகும் வாசனை வந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

ஆர்டிஸ் முடிச்சை அவிழ்த்தாள். கோணி விலகியதும் அந்த வரிகள் தெரிந்தன. பழுப்பும் வெள்ளியுமாக, நீரில் விழுந்த நிழல் போல நெளியும் வரிகள். அப்பாவின் கைபட்டுத் தேய்ந்த இடம்கூட அப்படியே இருந்தது. கை தன் வேலையைச் செய்தது.

அவள் முறை எல்லாருக்கும் தெரியும். முதலில் காது, அப்புறம்தான் கண். அழகைப் பார்த்தால் கண் மயங்கிவிடும், காது மயங்காது என்பாள். குழலின் கொக்கியில் தோல் வாரைக் கோத்துத் தூக்கித் தொங்கவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு மரக்கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். இரண்டு குழலையும் சேர்க்கிற ஈயப்பற்று உறுதியாக இருந்தால் மணி போல ஒலிக்கும். எங்காவது விட்டிருந்தால் உடைந்த சட்டி போல ஒலிக்கும். உடைந்த சட்டியைச் சுடக்கூடாது. அட்டையில் அவ்வளவுதான் எழுத முடியும்.

கண்ணை மூடினாள். தட்டினாள்.

தொம்.

ஈர மண்ணில் பூசணிக்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கூடம் முழுக்கக் கேட்டது. இன்னொரு முறை தட்டினாள். தொம். அவ்வளவுதான்.

ஆர்டிஸ் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது. 'சுடலாம்' என்று எழுதினால் ரெனேயின் கல்யாணத்தில் யாரோ ஒருவரின் கை போகலாம். 'சுடக்கூடாது' என்று எழுதினால் பத்தொன்பது வருஷ வன்மத்தை ஒரு அட்டையில் தீர்த்துக்கொண்டாள் என்று தம்பி நினைப்பான். சாகிறவரை நினைப்பான். அன்றைய காலை வரை அவள் முன்னால் இருந்தது துப்பாக்கி மட்டும்தான். இப்போது ஆள் நிற்கிறானே!

"எனக்குத் தெரியும்," என்றான் நார்வல், பாஸ்டரிடம். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. "செத்துப்போச்சுன்னுதான் சொல்லுவாங்கன்னு எனக்கு முன்னமே தெரியும்."

"வாயை மூடிட்டு அந்தக் கம்பியை எடு!" என்றாள் ஆர்டிஸ்.

பாஸ்டர் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. அவள் சொன்னது பாஸ்டரிடம் அல்ல. தம்பியிடம். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு!

நார்வல் வாயை மூடினான். குழல் துடைக்கும் நீளக் கம்பியை எடுத்து நீட்டினான். ஆறு வயதிலிருந்து அக்கா சொன்னதும் நீட்டிப் பழகிய கை அது.

"ஈயம் விட்டிருந்தா கரகரன்னு ஒரு நடுக்கம் வரும்," என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "இது கரகரக்கலை. இது வாயைப் பொத்தின மாதிரி இருக்கு." குழலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை. கும்மிருட்டு. "உள்ள என்னத்தைடா திணிச்சு வச்சிருக்கே?"

நார்வலின் முகத்தில் ரத்தம் எல்லாம் வடிந்து, பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. "ஆர்டிஸ், அதை இங்க எடுக்க வேண்டாம். வீட்டுல போயி..."

கம்பி உள்ளே போயிற்று. முட்டியது. அவள் மெல்ல அழுத்தினாள். வலது குழலின் வாயிலிருந்து எண்ணெயில் ஊறிய ஒரு கம்பளிச் சுருள் பொதுக்கென்று மேசைமேல் விழுந்தது. இடது குழலிலிருந்து இன்னொன்று.

ஆர்டிஸ் அதைப் பிரித்தாள். சிவப்பும் வெள்ளையும். ஒரு குழந்தையின் கையுறை. கட்டைவிரல் மட்டும் கேரட் நீளத்துக்கு. பன்னிரண்டு வயதில் அவள் முதல்முதலாகப் பின்னிய ஜோடி அது! ஆறு வயதுத் தம்பிக்கு. கட்டைவிரலில் எத்தனை வரிசை என்று தெரியாமல் பின்னிக்கொண்டே போய்விட்டாள். பள்ளிக்கூடமே சிரித்தது. அவன் மட்டும் இரண்டு பனிக்காலம் அதைக் கழற்றவில்லை.

"இதை ஏன்டா வச்சிருந்தே?"

நார்வல் கூரையைப் பார்த்தான். "குழலுக்கு அளவா இருந்துது," என்றான்.

பியூலா மூக்கைச் சிந்தினாள். மார்வின்கூடத் தன் பளபளத் துப்பாக்கியில் முகம் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மூடிக்கொண்டாள். குழலை மறுபடி தொங்கவிட்டாள். தட்டினாள்.

டாண்ண்ண்!

மேலே கோபுரத்து மணிதான் அடித்ததோ என்று நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஒலி சுவரில் மோதி, காபிக் கோப்பைகளில் நடுங்கி, அடங்கவே மனமில்லாமல் அடங்கியது. ரெனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் முடியலை," என்றாள் ஆர்டிஸ், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. காது சொல்லியாயிற்று, இனி கண். குழலை வெளிச்சத்தில் பிடித்து அங்குலம் அங்குலமாகத் திருப்பினாள். வலது குழலின் உள்பக்கம் கண்ணாடி போல இருந்தது. இடது குழலில், தோட்டா அறையைத் தாண்டி நாலு அங்குலத்தில், அம்மைத் தழும்பு போலக் குழிகள். விரல் நகம் விழுகிற ஆழம். தோட்டாத் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மனசுக்குள் எழுந்தாள். அவளுக்குத் தம்பி கிடையாது. அவளுக்கு ரெனேயின் கல்யாணமும் கிடையாது.

"இடது குழலைச் சுடக்கூடாது. இன்னிக்கு இல்ல, என்னிக்குமே."

நார்வல் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "உன் தப்பில்ல. கம்பளியில எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கே. இது பழைய மருந்துக் கரி தின்ன இடம். அப்பா என்னிக்கு இடது குழலை ஒழுங்கா துடைச்சாரு?"

நார்வலின் உதடு துடித்தது. "ஒண்ணு துடைச்சா இன்னொண்ணு தானா சுத்தமாயிடும்பாரு."

"தட்டையும் அப்படித்தான் கழுவுவாரு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே சிரிப்பு, அப்பாவின் சிரிப்பு, மூக்கால் தொடங்கித் தோளில் முடிகிற சிரிப்பு.

"வலது குழலைச் சுடலாம். இந்தக் காலத்துத் தோட்டா ஒண்ணுகூடக் கிட்ட வரப்படாது. கருமருந்து, பாதி அளவு, குண்டு கிடையாது, வெறும் சத்தம். நான் கட்டித் தர்ற தோட்டாதான். ஆனா முதல்ல எண் பொருந்தணும். குழல்ல இருக்கற எண்ணும் கட்டை மாட்டின உடம்புல இருக்கற எண்ணும் ஒண்ணாயில்லன்னா அட்டை எழுத மாட்டேன்."

"உடம்பு இங்க இல்லையே," என்றார் பாஸ்டர்.

ஆர்டிஸ் மேசைக்கு அடியில் குனிந்தாள். ஒரு பழைய மாவுப்பை. வருஷா வருஷம், இந்த ஒரு நாள் மட்டும், கடைச் சுவரிலிருந்து அதைக் கழற்றி இதில் சுற்றிக் கொண்டுவருவாள். யாராவது கேட்டால் எண்ணெய் போடணும் என்பாள். பத்தொன்பது வருஷமாக எண்ணெய் போட்ட அந்தக் கட்டை, பைக்குள்ளிருந்து வால்நட் மரத்தின் கருஞ்சிவப்போடு வெளியே வந்தது.

நார்வல் அந்தப் பையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

எண்ணைப் பாஸ்டர் உரக்க வாசித்தார். குழலில் ஒருமுறை, உடம்பில் ஒருமுறை. ஒரே எண். ஆர்டிஸ் கொக்கியை மாட்டி, குழலை மேலே தூக்கி மூடினாள். டக்! ஆட்டமில்லை, அசைவில்லை. முன்கட்டை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நேற்றுத்தான் கழற்றியது போல.

அட்டையை எழுதி நீட்டினாள். நார்வல் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"சனிக்கிழமை வந்து நீதான் வெடிக்கணும்," என்றான்.

ஆர்டிஸ் அப்போதே சரி என்றிருப்பாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! "சே சே, நான் எதுக்கு. ஊர்ல ஆளா இல்ல."

"உன் கைதான் இதுக்குப் பழக்கம்."

"உனக்கு எதுக்கு சிரமம்."

இரண்டு. பியூலா பாஸ்டரின் முழங்கையைக் கிள்ளினாள். நார்வல் தலையை ஆட்டினான். தொப்பியை மாட்டினான். திரும்பினான். ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி. மாடிப்படிக்குப் போய்விட்டான்! ஆர்டிஸ் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் அதே இடமா, தேவனே? மறுபடியும் இரண்டோடு நின்றுவிடுமா?

முதல் படியில் கால் வைத்தவன் நின்றான். திரும்பி வந்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் கண்களில் நீர் பளபளத்தது.

"போன தடவை நான் எண்ணத் தப்பிட்டேன் அக்கா," என்றான். "மூணாவது கேக்கறேன். வருவியா?"

ஆர்டிஸ் சொன்னது இவ்வளவுதான்: "சரி. ஒரே ஒரு வெடின்னா."

அடுத்த சனிக்கிழமை மாலை, மேப்பிள் மரங்களுக்குப் பின்னால் சூரியன் சரிகிற நேரம், நார்வலின் வீட்டைச் சுற்றி ஊரே சட்டி பானையைத் தட்டிக்கொண்டு நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். வழக்கமாக இரண்டு வெடி. பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. "இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான்," என்று கத்தினாள் ஆர்டிஸ். "இனிமே எல்லாமே சேத்துத்தான்!" வலது குதிரையை இழுத்து வானத்தைப் பார்த்து விசையை அழுத்தினாள். இடி போல ஒரு முழக்கம். வெள்ளைப் புகை வீட்டை மூடியது. புகைக்குள்ளிருந்து ரெனே ஓடிவந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் இரண்டு கட்டைவிரல்களிலும் சிவப்பும் வெள்ளையுமாக அந்தக் கையுறைகள் தொப்பி போல ஆடிக்கொண்டிருந்தன.

புகை கலைந்ததும் நார்வல் கெட்டிலோடு வந்தான்.

"காபி, அக்கா?"

"ஊத்து," என்றாள் ஆர்டிஸ். "முழுசா."

முதல் தடவையிலேயே! பியூலா தட்டிக்கொண்டிருந்த பாத்திரம் கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கல்யாணச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு ஊர் மறுபடியும் தட்டத் தொடங்கியது.